நாலு மணி நாற்காலிகள்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் காலை ஒன்பதரைக்கே கூட்டம் கூடிவிடும். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள், "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று வருடத்துக்கு ஒரு தடவை தெரிவிக்கிற மாதம் அது. உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். 2014லிருந்தே இதை விரல் ரேகை வைத்து முடித்துவிடலாம். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும், வீட்டுப் படி இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் கான்பூர் பெரியவர்கள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஒருவரிடம் கேட்டே விட்டேன். "பாபுஜி, வீட்டிலிருந்தே செய்யலாமே, இந்தக் குளிரில் எதற்கு அலைகிறீர்கள்?"

"வீட்டிலிருந்து செய்தால் இவனை எப்படிப் பார்ப்பது பேட்டா?" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு பெரியவரின் தோளில் தட்டினார். சான்றிதழ் வேலை இரண்டு நிமிடம். பேச்சு இரண்டு மணி நேரம்.

அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற ஒரு வண்டிப் பேட்டை ஞாபகம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2020 ஜனவரி. அக்கா இருப்பது அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், சாண்ட்லர் என்ற ஊரில். அத்தானுக்கு அங்கே சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு தங்கமணி, மகள் சகிதம் மூன்று வாரம் போயிருந்தேன். கான்பூர் மூடுபனியில் ரயிலெல்லாம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். அங்கே போனால் நம் கார்த்திகை மாதத்து மாலை மாதிரி இதமான வெயில்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். "பக்கத்து ஊர் மேசா வரைக்கும் போறோம்டா. எங்க பள்ளிக்கூட டீச்சரோட அப்பா அம்மா அங்க வண்டியில இருக்காங்க. சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."

"வண்டியிலயா? வீடு இல்லையா அக்கா?"

"இருக்கு. மின்னசோட்டாவுல. அங்க இப்ப பனி இடுப்பு உயரம்."

அப்படித்தான் முதன்முதலில் ஓர் ஆர்.வி. பார்க்கைப் பார்த்தேன். ஆர்.வி. என்றால் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி. சிலது பேருந்து மாதிரி தானே ஓடும், சிலதைக் காரில் பூட்டி இழுக்க வேண்டும். பார்க் என்பது இந்த வண்டிகளுக்கான மனைப்பிரிவு. நம்மூர் லே அவுட் மாதிரியே தெருக்கள், எண் போட்ட மனைகள். ஒவ்வொரு மனையிலும் ஒரு சிமென்ட் தளம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி மூன்றையும் மாட்டினால் வீடு தயார். நவம்பரில் வருகிறார்கள், ஏப்ரலில் கிளம்புகிறார்கள். குளிருக்குத் தெற்கே பறந்து வருவதால் இவர்களைப் பனிப்பறவைகள் என்று கூப்பிடுகிறார்கள்.

நாங்கள் போனபோது மணி நாலு. வண்டிகளுக்கு வெளியே மடக்கு நாற்காலிகள் வட்டவட்டமாக விரிந்துகொண்டிருந்தன. மார்பில் பெயர்ச் சீட்டு. அதில் பெயருக்குக் கீழே ஊர்: அயோவா, வடக்கு டகோட்டா, சஸ்காட்சுவான். வாசலில் தொங்கும் மரப் பலகையிலும் பெயரும் ஊரும்தான். பட்டம், பதவி ஒன்றும் கிடையாது.

பழக்கதோஷம், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். டீச்சரின் அப்பா பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "இங்கே முதல் வருடம் ஊரைக் கேட்போம். இரண்டாம் வருடம் பேரப்பிள்ளைகளைக் கேட்போம். வேலை என்ன என்பது மூன்றாம் வருடம் தானாகத் தெரியவரும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?"

கேட்டவன் வங்கி அதிகாரி. விசிட்டிங் கார்டை நீட்டாமல் யாரிடமும் பேசிப் பழகாதவன். சுருக்கென்று இருந்தது. இப்படி ஒரு ஊரை யார் கண்டுபிடித்தார்கள் என்று அன்றைக்குப் பிடித்த ஆர்வம். திரும்பி வந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதை ஃபோர்டு காரில் ஆரம்பிக்கிறது. 1908இல் மாடல் டி கார் வந்தபோது விலை சுமார் 850 டாலர். 1920களின் நடுவில் அது 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 1915இல் தொடங்கிய டிக்ஸி நெடுஞ்சாலைத் திட்டம் வடக்கே மிச்சிகனையும் தெற்கே ஃபுளோரிடாவையும் இணைத்தது. அதுவரை குளிருக்கு ஃபுளோரிடா போவது ரயிலில் வந்து பெரிய ஹோட்டலில் தங்குகிற பணக்காரர்களின் சமாச்சாரம். இப்போது அறுவடை முடிந்த விவசாயியும், கடையை மகனிடம் கொடுத்துவிட்ட வியாபாரியும் காரின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் சாப்பாடு தகர டப்பாவில் அடைத்த அவரையும் இறைச்சியும். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. தகர டப்பா யாத்ரீகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கேலிப் பெயரையே அவர்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பார்க் என்ற முகாமில் கூடி அதே பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினரின் அடையாளம், காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த ஒரு தகர டப்பா. நெடுஞ்சாலையில் எதிரே டப்பா வைத்த கார் வந்தால் நம்மாள், நின்று பேசலாம். வண்டி பழுதாகி நின்றால் உதவ வேண்டும். சங்கத்துக்கென்று ஒரு ரகசியக் கைகுலுக்கல், ஒரு பாட்டு, தலைவருக்கு 'ராயல் சீஃப்' என்று ராஜாங்கப் பட்டம். வேடிக்கையாக இருக்கிறதா? இன்னொன்றும் இருந்தது. முகாமைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கண்ணியமாக நடக்க வேண்டும், எல்லோரும் கலந்துகொள்கிற நல்ல பொழுதுபோக்கு வேண்டும். இதையெல்லாம் சங்கத்தின் நோக்கங்களாகவே எழுதிவைத்தார்கள். அறிமுகமில்லாதவர்கள் ஓர் இடத்தில் ஐந்து மாதம் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் முதலில் விதிமுறை வேண்டும் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஊர்க்காரர்களுக்கு இவர்களைப் பிடித்ததா? பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. அந்தக் காலத்து ஃபுளோரிடாவில் ஒரு நகைச்சுவை உண்டு: டப்பாக்காரன் ஒரே ஒரு சட்டையோடும் ஒரே ஒரு இருபது டாலர் நோட்டோடும் வருவான், போகிறவரைக்கும் இரண்டையும் மாற்ற மாட்டான்! வங்கிக்காரனாக இதை ரசித்தேன் :-)

1924இல் டாம்பா நகரம் டி சோட்டோ பார்க்கை மூடிவிட்டது. ஒரு பகுதியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? தெற்கே பிராடென்டன் அருகில், பிராடன் கோட்டை என்று சொல்லப்படும் ஒரு பாழடைந்த தோட்ட பங்களாவைச் சுற்றியிருந்த நிலத்தைக் கூட்டாக வாங்கி, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் குட்டி வீடுகள் கட்டிக்கொண்டார்கள். வீடு சின்னது, பொதுக்கூடம் பெரியது. 1983இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அந்தக் குடியிருப்பு சேர்ந்தது.

1929இல் பங்குச்சந்தை சரிந்து பொருளாதாரம் படுத்த பிறகு ஊர்களின் பேச்சும் மாறியது. இருபது டாலரை மாற்றாதவன் என்று சிரித்த ஊர்களே, மளிகைக் கடைக்கு ஐந்து மாதம் வாடிக்கையாளர் கிடைத்தால் போதுமென்று கூப்பிட ஆரம்பித்தன. சாரசோட்டா நகரம் 1930களில் தன் நகராட்சிப் பூங்காவில் அவர்களின் குளிர்கால மாநாட்டுக்கு இடம் கொடுத்தது. 1936இல் பிராடென்டனில் கிவானிஸ் சங்கம் தொடங்கிய டிரெய்லர் பார்க்கில், கிடைத்த வருமானம் தர்ம காரியங்களுக்குப் போனது. கூடாரம் போய், காரில் பூட்டி இழுக்கும் டிரெய்லர் வந்தது. நீளமான சிமென்ட் தரையில் கோலால் வட்டைத் தள்ளி ஆடும் ஷஃபிள்போர்டு வந்தது.

ஆனால் வயதானவர்கள் சாதாரணக் குடும்பங்களிலிருந்து பெருவாரியாகக் கிளம்புவதற்கு ஒரு விஷயம் தேவைப்பட்டது. மாதா மாதம் நிச்சயமாக வரும் பணம். 1935 ஆகஸ்ட் 14 அன்று சோஷியல் செக்யூரிட்டி சட்டம் கையெழுத்தானது. 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் மாதாந்திரக் காசோலை, வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மாளுக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். வக்கீல் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். அவர் கட்டிய மொத்தச் சந்தா 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயது வரை வாழ்ந்து 1975இல் காலமாவதற்குள் திரும்ப வாங்கியது 22,888 டாலர் 92 சென்ட். எந்தப் பாலிசியும் இந்த வருமானம் தராது, கேட்டால் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்! ஆனால் இந்தக் கணக்கில் நான் பார்ப்பது வேறு. கட்டியவர் எதிர்பார்த்ததைவிட முப்பது வருடம் கூடுதலாக வாழ்கிறார். அந்த முப்பது வருடத்தின் மதிய நேரங்களை என்ன செய்வது? காசோலை அனுப்புகிற அரசாங்கத்திடம் அதற்குப் பதில் இல்லை.

போருக்குப் பிறகு பதில்கள் வரிசையாக வந்தன. 1954இல் அரிசோனாவில் யங்டவுன் என்று வயதானவர்களுக்கே ஒரு ஊர். பக்கத்திலேயே 1960 ஜனவரி 1 அன்று டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி சன் சிட்டியைத் திறந்தார். முதல் வார இறுதியில் பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது ஒரு லட்சம். வீடு வாங்க வசதி உள்ளவர்கள் அங்கே போனார்கள். அவ்வளவு வசதி இல்லாதவர்களும், சொந்த ஊர் வீட்டை விட மனமில்லாதவர்களும் வண்டியோடு மேசா, யூமா, டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு என்று போனார்கள். 1956இல் சட்டமான மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் அவர்களுக்குப் பாதை போட்டன. டெக்சாஸ்காரர்கள் இவர்களுக்கு 'வின்டர் டெக்ஸன்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கனடாக்காரர்களின் கணக்கு இன்னும் சுவாரசியம். ஒன்டாரியோ மாகாணத்துக்காரர் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு ஆபத்து. இந்தப் பக்கம் அமெரிக்க வருமான வரித் துறை இந்த வருடத்து நாட்களை முழுதாகவும், போன வருடத்ததில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய வருடத்ததில் ஆறில் ஒரு பங்கும் கூட்டும். 183ஐத் தொட்டால் கேள்வி வரும். வருடத்துக்கு நாலு மாதம் வீதம் தொடர்ந்து வந்தாலே விளிம்புக்கு வந்துவிடுவோம். எனவே காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டே வெயில் காய்கிறார்கள்.

சரி, வெயிலும் பணமும் மட்டும் இருந்தால் ஒரு ஊர் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் கனடாவைச் சேர்ந்த மானுடவியல் தம்பதி, டோரத்தி கவுன்ட்ஸும் டேவிட் கவுன்ட்ஸும். அதற்கு முன் பல வருடம் பப்புவா நியூ கினியாவின் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள். 1990களில் தாங்களே ஒரு வண்டியில் இந்தப் பார்க்குகளில் வாழ்ந்து பார்த்து 1996இல் புத்தகமாக எழுதினார்கள். தீவுக் கிராமத்தில் கண்டதை இங்கேயும் கண்டார்கள். கொடுப்பதும் வாங்குவதும்தான் ஊரைக் கட்டுகிறது. உணவைப் பகிர்வது, அடுத்த வண்டிக்காரருக்குக் கை கொடுப்பது, வாங்கியவர் வேறொருவருக்குத் திருப்பிச் செய்வது. முன்பின் தெரியாதவர்கள் இதனால்தான் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பாடும் அதுதான். ஆளுக்கொரு பதார்த்தம், பாட்லக் என்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வார்த்தையில் சொன்னால் கூட்டாஞ்சோறு. அக்காவின் எலுமிச்சை சாதம் பத்து நிமிடத்தில் காலி. தட்டும் கரண்டியும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், கழுவுவதும் அவரவரே.

டீச்சரின் அப்பா மட்டும் உட்காரவே இல்லை. பெரிய காபிக் கொப்பரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் ஏதோ அறுவை சிகிச்சை ஆனவர்.

"உட்காருங்களேன், யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை காபி என் பொறுப்பு" என்றார். "நான் வராவிட்டால் அறுபது பேருக்குக் காபி இல்லை." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அவர் மனைவிக்கு வேறு பொறுப்பு. அவர்கள் தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு. காலை எட்டு மணிக்குள் ஜன்னல் திரையை ஏற்றிவிட வேண்டும். ஏற்றாத வண்டியின் கதவை அந்த அம்மா போய்த் தட்டுவார். எங்கள் வங்கியில் வருடத்துக்கு ஒன்று, அங்கே தினம் ஒரு உயிர்வாழ் சான்றிதழ்!

மரம் செதுக்கச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், நூலகத்து அலமாரியை அடுக்குபவர் ஒருவர், புதிதாக வந்தவருக்குத் தெருவைச் சுற்றிக் காட்டுபவர் ஒருவர். வேலை இல்லாத ஆளே கிடையாது. நூறு வருடம் முன்னால் ரேடியேட்டரில் டப்பா வைத்தவர்கள் தொடங்கிவைத்தது இதுதான் என்று இப்போது புரிகிறது.

மறுவாரம் கலிஃபோர்னியா போகிற வழியில் குவார்ட்சைட் என்ற ஊரில் நிறுத்தினோம். நிரந்தரமாக வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர். ஜனவரியில் கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனமெல்லாம் வண்டிகள். 1967லிருந்து அங்கே நடக்கும் கல், கனிமச் சந்தைக்கு வருகிற கூட்டம் ஒரு பக்கம். ஊருக்கு வெளியே அரசு நிலத்தில், 1983இல் ஏற்படுத்திய நீண்டகால முகாம் பகுதி இன்னொரு பக்கம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நான் போன வருடத்தில் ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 180 டாலர். மனைக்கு மனை குழாயோ மின்சாரமோ கிடையாது.

அந்த ஊர் மயானத்தில் சிறு பிரமிடு மாதிரி ஒரு கல்லறை, உச்சியில் ஓர் ஒட்டகம். 1856இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஒட்டகங்களோடு கப்பலில் வந்த ஹாஜி அலியுடையது. பெயர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது, அவர் ஊர் திரும்பவில்லை, 1902இல் காலமானார், 1935இல் கல்லறை கட்டினார்கள். வந்த ஊரிலேயே தங்கிப்போன ஒருவர். அந்த இடத்தில் எனக்கு ஏனோ பேச்சே வரவில்லை.

எல்லாம் பொன்னாக எழுதிக்கொண்டு போனால் அது வரலாறு ஆகாது. முதல் விஷயம், இந்த வட்டத்தில் எல்லோருக்கும் நாற்காலி போடவில்லை. டப்பாக்காரர்கள் ஃபுளோரிடாவில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலம் அங்கே நிறவெறிச் சட்டங்களின் காலம். அந்த முகாம்கள் வெள்ளையர்களுக்கானவை. கறுப்பினக் குடும்பம் காரில் கிளம்பினால் எந்த ஊரில் தங்க விடுவார்கள் என்று பார்க்கத் தனி வழிகாட்டிப் புத்தகம் வேண்டியிருந்தது. 1936லிருந்து சுமார் முப்பது வருடம் வந்த அந்த 'கிரீன் புக்'கைத் தொடங்கிய விக்டர் கிரீன், நியூயார்க்கில் வசித்த ஒரு தபால்காரர். 1964, 1968 சட்டங்களுக்குப் பிறகு தடை போனது. நான் பார்த்த அந்த மேசா வட்டங்களில் அன்றைக்கும் பெரும்பாலும் வெள்ளை முகங்கள்தான்.

இரண்டாவது, 2008 நிதி நெருக்கடியில் வீடும் சேமிப்பும் போய் வண்டியையே வீடாக்கிக்கொண்ட பெரியவர்களும் அதே பாலைவனத்துக்கு வந்தார்கள். ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமட்லேண்ட்' புத்தகத்தில் இவர்களைப் பற்றி எழுதினார், 2021இல் அதன் திரைப்படம் ஆஸ்கர் வாங்கியது. ஒரு வண்டிக்காரருக்கு இது விடுமுறை, அடுத்த வண்டிக்காரருக்கு இது பிழைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நாற்காலியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வண்டி ஓட்டுகிற தெம்பு இருக்கிறவரைக்கும்தான் இந்த வாழ்க்கை. கண் மங்கினால், ஞாபகம் தவறினால்? பெரும்பாலோருக்குப் பதில், வண்டியை விற்றுவிட்டு மகன், மகள் இருக்கும் ஊர். வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை ஒரு நவம்பரில் வராது. 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற வண்டிக்காரர் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. வீடே இல்லாமல் ஊர் சுற்றும் உறுப்பினர்களின் கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்புவது அந்தச் சங்கத்தின் பெரிய சேவை. டெக்சாஸ், லிவிங்ஸ்டனில் இருக்கும் அந்த ஒரே முகவரி ஆயிரக்கணக்கான பேருக்கு நிரந்தர முகவரி. எங்கள் கே.ஒய்.சி. பிரிவு பார்த்தால் மயங்கி விழுந்துவிடும். அங்கேயே, நோய்வாய்ப்பட்ட உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் பகல்நேரக் கவனிப்பும் பெறுகிற ஒரு மையமும் நடத்தினார்கள். உறுப்பினர்களின் நன்கொடையும், முறைபோட்டுக்கொண்டு செய்யும் தொண்டுமாக நடந்த இடம். இப்படி ஒன்றை அமைத்தது இவர்கள் மட்டும்தான் என்று சொல்லுமளவுக்கு அபூர்வம்.

நாங்கள் ஊர் திரும்பிய இரண்டாவது மாதம் உலகமே பூட்டிக்கொண்டது. 2020 மார்ச்சில் மூடிய அமெரிக்கத் தரைவழி எல்லை கனடாக்காரர்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 8 அன்று. நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் சஸ்காட்சுவான் பலகைகள் மாட்டிய மனைகள் காலி. 2025இல் அரசியல் மனத்தாங்கலில் கனடாக்காரர்களின் வரவு மறுபடி குறைந்தது. ஐந்து மாத ஊர் என்பது அவ்வளவு லேசானதுதான்.

இவ்வளவும் எதற்கு எழுதினேன் என்றால், அப்பாவுக்காக.

அப்பா தபால் துறையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, 2017இல் அம்பாசமுத்திரத்திலிருந்து அவரைக் கான்பூருக்கு அழைத்து வந்தேன். ஹீட்டர் வாங்கினேன். தமிழ்ச் சேனல்கள் போட்டேன். கம்பளி, வெந்நீர், மாத்திரை, வாரப் பத்திரிகை, எதிலும் குறை வைக்கவில்லை. தங்கமணி வேளைக்கு இட்லி, தோசை என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். அப்பா மூன்றாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கீழே பூங்காவில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு இந்தி தெரியாது.

ஒரு நாள் கேட்டார். "ஏல, இங்க எனக்கு என்ன வேல?"

"உங்களுக்கு எதுக்குப்பா வேலை? நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றேன். நல்ல பிள்ளை பேசுகிற பேச்சு என்று எனக்கு நினைப்பு.

பிப்ரவரி கடைசியில் "ஊருக்கு டிக்கெட் போடு" என்றார். போட்டேன், கோபத்தோடு. என்ன குறை வைத்தேன் என்று அக்காவிடம் போனில் ஒரு மாதம் புலம்பினேன். அந்தக் காபிக் கொப்பரை பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. அப்பா குறை சொல்லவில்லை. வேலைதான் கேட்டார். நான் அவருக்குக் கொடுத்த எல்லாமே அவர் வாங்கிக்கொள்ள வேண்டியதாகவே இருந்தது. அவர் கொடுக்கிற மாதிரி அந்த வீட்டில் நான் ஒன்றும் வைக்கவில்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத என் மகளுக்கு அவரை வாத்தியாராகப் போட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

இப்போது ஊரில் ஒன்றுவிட்ட தம்பி வீடு பக்கத்தில் இருக்கிறது, சாப்பாடு அங்கே. காலையில் அப்பா வீட்டுத் திண்ணையில் நாலு பேராவது இருப்பார்கள். முதியோர் உதவித்தொகை மனு, சேமிப்புக் கணக்குப் படிவம், ரேஷன் கார்டு திருத்தம், எல்லாம் அவர்தான் எழுதிக் கொடுக்கிறார். சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறையில் அவர் வயதுக்காரர்கள் கூட்டம். பேர்ச் சீட்டு கிடையாது, எல்லோருக்கும் எல்லோரையும் அறுபது வருடமாகத் தெரியும். அதே கேள்வி அங்கேயும் இருக்கிறது: படுக்கையில் விழுந்தால் என்ன செய்வது? அக்காவும் நானும் அதற்காக மாதம் ஒரு தொகை தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். யார் விடுப்பு எடுத்து முதலில் போவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். பணம் போடுவது எனக்குத் தெரிந்த வேலை. மீதியை இன்னும் கற்றுக்கொள்கிறேன்.

மகள் இப்போது வாரத்துக்கு ஒரு கடிதம் தமிழில் எழுதித் தாத்தாவுக்குத் தபாலில் அனுப்புகிறாள். அவர் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறார். போன வாரம் பதினேழு பிழை.

எனக்கு இன்னும் பதினைந்து வருட சர்வீஸ் பாக்கி. இடமாற்றத்திலேயே பாதி இந்தியாவைப் பார்த்தாயிற்று. எந்த ஊர்ப் படித்துறையிலும் என்னை அறுபது வருடமாகத் தெரிந்தவர்கள் இருக்கப்போவதில்லை. உங்களில் நிறையப் பேருக்கும் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு கொப்பரைக் காபிப் பொறுப்பும் எங்கேயாவது கிடைக்க வேண்டுமானால், இப்போதே இரண்டு பேரின் வாசலைத் தட்ட ஆரம்பிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை கூட்டாஞ்சோறு தொடங்கியிருக்கிறோம். பஞ்சாபி, பெங்காலி, மலையாளி எல்லோரும் வருகிறார்கள். ரசம் என் பொறுப்பு.

ஒரு விஷயம். சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டால் அப்பா போனை எடுக்க மாட்டார். முன்பெல்லாம் பதறிப்போய்த் தம்பியைக் கூப்பிடுவேன். இப்போது ஆறரை மணி வரை காத்திருக்கிறேன்.